"போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மலை ஏறுங்கள்!

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று நாம் சொல்வது இல்லை. "போய் வருகிறேன்" என்றுதான் சொல்கிறோம். வாய் தவறி "போகிறேன்" என்று சொல்லிவிட்டால் பாட்டி விடமாட்டாள். "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்துவாள்.

கடைக்குப் போகிறவனும் அப்படித்தான் சொல்கிறான். கடல் தாண்டிப் போகிறவனும் அப்படித்தான் சொல்கிறான்.

அது வெறும் பேச்சு அல்ல. அது ஒரு வாக்கு. "நான் திரும்பி வருவேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று வீட்டாருக்குக் கொடுக்கும் வாக்கு.

மலைக்கும் காட்டுக்கும் உல்லாசமாகப் போகிற நம் வாலிபர்களில் பலர் இந்த வாக்கைக் கொடுக்காமலே போகிறார்கள்.

இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் போதும். முதுகில் ஒரு பை. கையில் ஒரு செல்போன். "ஏற்காடு போகலாமா? கொடைக்கானல் போகலாமா? கொல்லி மலை போகலாமா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். பெண்களும் போகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு.

போகட்டும். மலை ஏறுவது நல்லது. கால் வலுப்படும். மனம் தெளியும். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. நான் அதைக் குறை கூறவில்லை.

எங்கே போகிறோம், எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லாமல் போகிறார்களே, அதைத்தான் குறை கூறுகிறேன்.

மலை ஏறப் போகிறவனுக்கு முதல் தேவை கயிறு அல்ல. விலை உயர்ந்த செருப்பும் அல்ல. போகிற இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போவதுதான் முதல் தேவை. என் கட்சி இதுதான்.

நான் சொன்ன பொய்

"ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, நீ ஒழுங்கா?" என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நான் ஒழுங்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் ஐந்து நண்பர்கள். கல்லூரிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மலை. உச்சியில் ஒரு பாழடைந்த கோயில். அதைப் பார்க்க ஆசை.

வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள். ஆகவே ஆளுக்கு ஒரு பொய் சொன்னோம். "நண்பனின் அக்காவுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை வருவேன்" என்று நான் சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள். மொய் எழுதுவதற்கு 200 ரூபாயும் கொடுத்தாள்!

அந்தப் பணத்தில் பன்னும் பிஸ்கட்டும் வாங்கினோம்.

சனிக்கிழமை காலை 11 மணிக்குத்தான் ஏற ஆரம்பித்தோம். ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு பாட்டில் தண்ணீர். உச்சிக்குப் போனபோது மணி 4. படம் பிடித்தோம். பாட்டுப் பாடினோம். இறங்க ஆரம்பித்தபோது மணி 5.

ஏறும்போது பார்த்த பாதை, இறங்கும்போது வேறு மாதிரி தெரிந்தது. ஒரு பிரிவில் தவறிவிட்டோம். ஆறரை மணிக்கு நல்ல இருட்டு. ஒரு நண்பன் பாறை இடுக்கில் காலை மடக்கிக்கொண்டான். கணுக்கால் வீங்கிவிட்டது. அவனால் ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை.

இரவு முழுவதும் ஒரு பாறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். பல் கிட்டிக்கும் குளிர். அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு, குளிரை விட அதிகமாக என்னை நடுங்க வைத்தது.

"நாங்கள் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன் என்று அம்மா நிம்மதியாக இருப்பாள். திங்கட்கிழமை வரை யாரும் எங்களைத் தேடமாட்டார்கள். தேடினாலும், கல்யாண மண்டபத்தில் அல்லவா தேடுவார்கள்!"

விடிந்தது. நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கால் வீங்கியவனுக்குத் தோள் கொடுத்தார். அவர் எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களா, கண்ணுகளா?"

எங்கள் ஐந்து பேருக்கும் பதில் வரவில்லை.

அந்த 200 ரூபாயை நான் இன்னும் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் கேட்பாளே! இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கையை இழந்த வாலிபர்

எங்களுக்கு ஆடு மேய்க்கும் பெரியவர் கிடைத்தார். எல்லோருக்கும் கிடைப்பாரா?

அமெரிக்காவில் அரன் ரால்ஸ்டன் என்று ஒருவர். மலை ஏறுவதில் கெட்டிக்காரர். 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ந் தேதி, யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் தனியாக இறங்கினார். அப்போது அவருக்கு வயது 27.

இறங்கும்போது ஒரு பெரிய கல் உருண்டது. அவருடைய வலது கையைப் பாறைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கல்லின் எடை சுமார் 360 கிலோ! தள்ளினார், நகரவில்லை. கத்தியால் செதுக்கினார், உடையவில்லை. கூப்பிட்டார், கேட்க ஆள் இல்லை.

அவர் அங்கே போனது யாருக்கும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை. நண்பர்களிடமும் சொல்லவில்லை.

ஐந்து நாட்கள் கழிந்தன. தண்ணீர் தீர்ந்தது. உயிர் போவது நிச்சயம் என்ற நிலை. கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் கை எலும்பைத் தாமே முறித்து, மழுங்கிய சின்னக் கத்தியால் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்! ஒற்றைக் கையோடு கயிற்றில் இறங்கி நடந்தார். வழியில் ஒரு குடும்பத்தார் அவரைக் கண்டார்கள். பிழைத்தார்.

அவருடைய கதை புத்தகமாக வந்தது. 2010-ஆம் ஆண்டில் சினிமாவாகவும் வந்தது. எல்லோரும் அவருடைய நெஞ்சுறுதியைப் புகழ்ந்தார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால், ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்காததற்கு அவர் கொடுத்த விலை ஒரு கை. அதையும் நாம் மறக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கேரளத்தில் மலம்புழாவுக்கு அருகே ஒரு வாலிபர் மலையில் சறுக்கி, செங்குத்தான பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டார். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. 40 மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார்கள்.

அவர் பிழைத்தது எப்படி? வீரர்களின் திறமை ஒரு காரணம். அவர் எங்கே இருக்கிறார் என்பது வெளியே தெரிந்திருந்தது. இது இன்னொரு காரணம்.

தடை போட்டால் பொய் வரும்

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

"மலையா? வேண்டவே வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறீர்கள். அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனால் அதன் பலன் என்ன? பிள்ளை போகாமல் இருக்கிறானா? இல்லை. சொல்லாமல் போகிறான். "படிக்கப் போகிறேன்", "கல்யாணத்துக்குப் போகிறேன்" என்று பொய் சொல்கிறான்.

தடை பொய்யை வளர்க்கிறது. பொய், ஆபத்து வந்த நேரத்தில் உதவியைத் தடுத்துவிடுகிறது. வழியில் ஏதாவது நடந்தால் பெற்றவர்கள் கிழக்கே தேடுவார்கள்; பிள்ளை மேற்கே கிடப்பான்.

ஆகவே, "போகாதே" என்று சொல்லாதீர்கள். "எங்கே போகிறாய்? யாரோடு போகிறாய்? எந்த வழி? வழிகாட்டி உண்டா? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் வழியனுப்புங்கள். பதில் சொல்ல முடியாமல் விழித்தால், "தெரிந்துகொண்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால் அனுமதி கிடைக்கும் என்று தெரிந்தால், எந்தப் பிள்ளையும் பொய் சொல்லாது.

குரங்கணி சொன்ன பாடம்

வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் மட்டும் போதுமா? போதாது. போகிற இடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டும் போகவேண்டும். வீட்டில் கேட்கும் கேள்விக்கு அப்போதுதான் பதில் சொல்ல முடியும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதியை நாம் மறக்க முடியுமா? அன்று ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே உள்ள குரங்கணி மலை. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். படித்து நல்ல வேலையில் இருந்தவர்கள்.

மலைச் சரிவில் காய்ந்த புல். காற்றும் பலமாக இருந்தது. புல்லில் தீ பிடித்தது. சுற்றிலும் புகை. பயந்துபோய்த் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அந்தோ பரிதாபம்!

அந்தப் பாதையில் போவதற்கு முறையான அனுமதி இல்லை என்று பிறகு அரசு தரப்பில் சொல்லப்பட்டது. நான் இறந்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் ஆசையோடு போனவர்கள். அழைத்துப் போனவர்களை நம்பிப் போனவர்கள். ஆனால் மார்ச் மாதத்து மலைச் சரிவு எப்படி இருக்கும் என்பது, அந்த ஊரில் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "இப்போது போகலாமா?" என்று உள்ளூர்க்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

மலையில் தீ எப்படிப் பரவும்? ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, எரியும் முனை கீழே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். தீ மளமளவென்று குச்சியில் மேலே ஏறும். முனையை மேலே பிடித்தால் மெதுவாக எரியும். மலைச் சரிவும் ஒரு குச்சிதான். கீழே பிடித்த தீயின் அனல், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. ஆகவே தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதை விட வேகமாக ஏறும்.

தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். புல் இல்லாத வெறும் பாறை, ஓடை, ஏற்கனவே எரிந்து கருகிப்போன இடம் ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் தரையோடு தரையாகக் குனிந்து செல்லுங்கள். நைலான், பாலியெஸ்டர் துணிகள் அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் மலை ஏறப் பருத்தித் துணியே நல்லது.

குரங்கணியில் தீயில் சிக்கியவர்களுக்கு உதவ முதலில் ஓடியவர்கள் யார்? அந்த ஊர் மக்கள். ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன. காயம்பட்டவர்களைப் போர்வையில் போட்டுத் தூக்கி வந்தவர்கள் அந்த ஏழை மக்கள்தான்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, அதே 2018-ஆம் ஆண்டில் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் செய்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டமும் தொடங்கியது. "எளிது", "நடுத்தரம்", "கடினம்" என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். இது நல்ல காரியம். நேர்வழி ஒன்று இருக்கும்போது திருட்டு வழியில் போவானேன்?

வீட்டில் கொடுக்கவேண்டிய சீட்டு

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒரு தாளை எடுங்கள். இந்த ஐந்து விஷயங்களையும் எழுதுங்கள்.

1. எந்த மலை, எந்த ஊர் வழியாக ஏறுகிறோம்?

2. கூட வருகிறவர்கள் யார், யார்? அவர்களுடைய வீட்டு டெலிபோன் எண்கள் என்ன?

3. வழிகாட்டியின் பெயரும் எண்ணும் என்ன?

4. எத்தனை மணிக்கு ஏறுகிறோம்? எத்தனை மணிக்குக் கீழே வந்து போன் செய்வோம்?

5. அந்த நேரத்துக்கு மேல் எவ்வளவு நேரம் பொறுத்திருந்து, பிறகு யாருக்குத் தகவல் சொல்லவேண்டும்?

தாளை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுங்கள். போலீசாருக்கும் தீயணைப்புப் படைக்கும் ஆம்புலன்சுக்கும் பொதுவான அவசர எண் 112. அதையும் தாளின் அடியில் எழுதிவிடுங்கள். அவ்வளவுதான். செலவு ஒன்றும் இல்லை.

கீழே இறங்கியதும் மறக்காமல் வீட்டுக்குப் போன் செய்யவேண்டும். இல்லாவிட்டால், நீங்கள் ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஊரே உங்களைக் காட்டில் தேடிக்கொண்டிருக்கும்!

எத்தனை மணி நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? 1892-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அது பயன்படுகிறது. 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, 600 மீட்டர் உயரம் ஏறினால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இது பழகியவர்களுக்கு உள்ள கணக்கு. பழகாதவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் இதோடு பாதி நேரம் கூட்டிக்கொள்ளவேண்டும். அதாவது, 5 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற, பழகியவருக்கு 2 மணி நேரம். நமக்கு 3 மணி நேரம். இறங்குவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், காலை 11 மணிக்கு ஏற ஆரம்பித்திருப்போமா? ஏற 5 மணி நேரம். இறங்க 4 மணி நேரம். கீழே வரும்போது மணி 8! சூரியன் எங்களுக்காகக் காத்திருக்குமா?

திரும்புவது கோழைத்தனமா?

சீட்டில் இன்னொன்றும் எழுதலாம். "உச்சிக்குப் போகாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம்" என்று எழுதலாம். மலையேறிகள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டிய விதி என்கிறார்கள்.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலில் கால் வைத்தார்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மலையில் 1996-ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது பலருக்குத் தெரியாது.

பகல் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே பேச்சு. சிலர் அந்த நேரத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே! எப்படித் திரும்புவது? மாலையில் பனிப்புயல் வீசியது. அந்தப் புயலில் 8 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர், மற்றவர்களை அழைத்துச் சென்ற அனுபவசாலிகள்!

அனுபவசாலிக்கே இந்தக் கதி என்றால், வருஷத்துக்கு ஒரு முறை மலை ஏறுகிற நமக்கு?

மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த மாதமும் ஏறலாம். பாதி வழியில் திரும்புகிறவன் கோழை அல்ல. கூட வந்தவர்களின் கேலிக்குப் பயந்து ஏறுகிறவன்தான் கோழை.

பக்திக்காக மலை ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கோவைக்கு அருகே வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறவேண்டும். மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் பக்தர்கள் வழியிலேயே இறந்ததாகப் பல ஆண்டுகளில் செய்தி வந்திருக்கிறது. இருதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. நெஞ்சு வலித்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். அடிவாரத்தில் கும்பிட்டாலும் ஆண்டவன் ஏற்றுக்கொள்வார்.

பையில் என்ன இருக்கட்டும்?

தண்ணீர்: வெயிலில் மலை ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் வேண்டும். நாள் முழுவதும் நடந்தால் ஆளுக்கு 3 லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும், அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொள்ளலாம். வியர்வையில் போன உப்பு திரும்பக் கிடைக்கும். அளவு மீறி உப்புப் போடக் கூடாது.

சாப்பாடு: கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த கடலை. ஒரு வேளைக்கு அதிகமாகவே இருக்கட்டும்.

விளக்கு: ஒரு டார்ச். செல்போன் விளக்கை நம்பாதீர்கள். அது போன் பேட்டரியைத் தின்றுவிடும்.

விசில்: பத்து ரூபாய் பிளாஸ்டிக் விசில் போதும். தொண்டை ஒரு மணி நேரத்தில் கட்டிவிடும். விசில் கட்டாது.

துணி: ஒரு கம்பளிச் சட்டை, ஒரு மழைக் கோட்டு. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கீழே வியர்க்கிறதே என்று நினைத்துப் போனால், மேலே நடுங்கவேண்டியதுதான்.

காலுக்கு: பிடிப்புள்ள பழகிய ஷூ. புது ஷூ கொப்புளம் போடும். ரப்பர் செருப்பு வழுக்கும்.

கைக்கு: ஒரு மூங்கில் தடி. வெள்ளியங்கிரி ஏறுகிற பக்தர்கள் தடி ஊன்றித்தான் ஏறுகிறார்கள். ஏறும்போது மூன்றாவது காலாகவும், இறங்கும்போது முழங்காலுக்குத் துணையாகவும் இருக்கும்.

எடுத்துப் போகக் கூடாதவை மூன்று: தீப்பெட்டி, சிகரெட், சாராயம். ஒரு பீடித் துண்டு போதும், ஒரு மலையைக் கொளுத்த.

வழி தவறினால்...

முதலில் நில்லுங்கள். உட்காருங்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். பயத்தில் ஓடினால் இன்னும் தூரமாகப் போவோம். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் இருக்கிறது. தேடி வருகிறவர்கள் அந்தப் பாதையில்தான் தேடுவார்கள். நீங்கள் பாதையை விட்டு அலைந்தால் எப்படிக் காண்பார்கள்?

ஒரு நிமிஷத்தில் 6 முறை விசில் ஊதுங்கள். ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். திரும்ப ஊதுங்கள். "ஆபத்து, உதவி வேண்டும்" என்பதற்கு மலையேறிகள் பல நாடுகளில் வைத்திருக்கும் அடையாளம் இது. இரவில் டார்ச்சை 6 முறை காட்டலாம். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது.

மழை: ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். உடனே கரையேறி மேடான இடத்துக்குப் போங்கள். 2015-ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரி மலையில் காட்டாறு திடீரென்று பெருகி, பக்தர்கள் சிலர் மாண்டதை மறக்க வேண்டாம். வெள்ளம் வடியும் வரை காத்திருப்பதில் தப்பு இல்லை.

மின்னல்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 3 எண்ணினால் ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து. உச்சியிலும் தனி மரத்தின் அடியிலும் நிற்காதீர்கள்.

பாம்பு: கடித்தால் கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து. மந்திரம் மருந்து அல்ல.

யானை: விடியற்காலையிலும் மாலையிலும் காட்டுப் பாதையில் நடக்காதீர்கள். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காதீர்கள். சத்தம் போடாமல் வந்த வழியே விலகுங்கள். யானை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மேடு பள்ளத்தில் நம்மால் அதை முந்த முடியாது.

பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரலாம்

இதையெல்லாம் ஒரு கட்டுரையில் படித்தால் போதாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவேண்டும். அருகில் உள்ள ஒரு சிறிய குன்றுக்கு வருஷம் ஒரு முறை பிள்ளைகளை அழைத்துப் போகலாம். சீட்டு எழுதுவது, நேரம் கணக்குப் போடுவது, விசில் ஊதுவது, நேரம் ஆனதும் பாதியில் திரும்புவது, இந்த நான்கையும் பழக்கலாம்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமா? மலையடிவாரத்து மக்களைக் கூப்பிடுங்கள். எந்தப் புல் எந்த மாதத்தில் காயும், எந்த ஓடை எப்போது பெருகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அழைப்பது தருமம் அல்ல, நியாயம். ஆபத்து வந்தால் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தானே!

என்னை அன்று கீழே கொண்டுவந்து சேர்த்த பெரியவரின் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வியை மட்டும் மறக்கவில்லை. இப்போது மலைக்குப் போவதானால், சமையல் அறைச் சுவரில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுத்தான் போகிறேன்.

வாலிபர்களே! அடுத்த முறை நீங்கள் மலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பொய் சொல்லாதீர்கள். சீட்டை அம்மாவின் கையில் கொடுங்கள். "இத்தனை மணிக்குப் போன் செய்வேன்" என்று சொல்லுங்கள். பிறகு வாய் நிறையச் சொல்லுங்கள்:

"போய் வருகிறேன், அம்மா!"

சொன்னபடி வந்து சேருங்கள்.